மருந்து: உதிரியா, வில்லையா?

மருந்து என்று சொன்னால் மற்ற ஊர்களில் டாக்டர் நினைவுக்கு வருவார். நம் தங்கவயலில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. "அப்பா மருந்து வைக்கப் போயிருக்கிறார்" என்று சொன்னால், எந்த லைனில் குடியிருக்கும் பிள்ளைக்கும் அது பாறைக்கு வைக்கிற மருந்து என்று விளங்கும். சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்த எனக்கும் அப்படித்தான். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த பிறகு பாலம், பாதை, பாறை வெட்டு என்று காலம் போயிற்று. ஆனாலும் மருந்து என்ற சொல் காதில் விழுந்தால் இன்றும் எனக்கு முதலில் அப்பாவின் நினைவுதான் வரும்.

சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் என் தம்பி மகன் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டான். உடன் வேலை செய்கிறவர்கள் அவனை மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கே அது உரிமம் பெற்று, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் செய்வது. பழைய முறையில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கென்று தனிப் பருவமே உண்டாம். "பெரியப்பா, கடையில் உதிரியாகவும் மருந்து விற்கிறார்கள், வில்லை வில்லையாகவும் விற்கிறார்கள். நான் எதை வாங்குவது? தாத்தா இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன்" என்றான். அவன் அம்மாவோ, இந்த வேலையே வேண்டாம் என்று இங்கே அழுதுகொண்டிருந்தார். அவன் கண்ணும் கையும் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதுவுமல்லாமல், உதிரியா வில்லையா என்பது நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கையாண்ட விஷயம்.

தூளும் கட்டியும்

பழைய துப்பாக்கிக்கு உரியது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. இதில் வெடியுப்புதான் பெரும்பங்கு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பது அதுவே. அதனால்தான் காற்றுப் புகாத குழலுக்குள்ளும் மருந்து எரிகிறது. கரியும் கந்தகமும் எரிபொருள். கந்தகம் சீக்கிரம் தீப்பிடிக்கவும் உதவுகிறது.

இந்த மருந்து வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரியும். இதுதான் விஷயத்தின் மூலம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் புரியும். கற்பூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டியை ஏற்றினால் ஆரத்தி முடியும்வரை நின்று எரிகிறது. அதே எடையைத் தூளாக்கித் தட்டில் பரப்பி ஏற்றினால் குப்பென்று எழுந்து அடங்கிவிடும். சரக்கு ஒன்றுதான், தீ தொடும் பரப்புதான் வேறு. விறகு அடுப்பில் சமைத்த தாய்மார்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சுள்ளிக்கும் கட்டைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியாததா?

ஆகவே மருந்தின் சேர்மானத்தை மாற்றாமல், மணியின் அளவை மட்டும் மாற்றி அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பொடி மணி வேகமாக எரியும். பருமணி நிதானமாக எரியும். கைத்துப்பாக்கிக்குப் பொடி மணி, பெரிய துப்பாக்கிக்கு அதைவிடப் பருமணி, பீரங்கிக்கு இன்னும் பெரியது என்று வகுத்து வைத்தார்கள். பீரங்கிகள் பெரிதாகப் பெரிதாக அதுவும் போதவில்லை. உதிரி மருந்து ஒரே நொடியில் பொங்கி, குண்டு நகருவதற்குள் குழலையே பிளந்துவிடுகிற நிலை வந்தது. 1860-ஐ ஒட்டி அமெரிக்கப் படையைச் சேர்ந்த தாமஸ் ராட்மன் என்ற அதிகாரி மருந்தை அழுத்திக் கட்டியாக்கி, அதில் துளைகள் இட்டுப் பார்த்தார். கட்டி எரியும்போது வெளிப்பரப்பு சுருங்கிக்கொண்டே வரும். துளையின் உட்பரப்போ விரிந்துகொண்டே போகும். ஒன்றின் குறைவை மற்றொன்று ஈடு செய்வதால் வாயு சீராக வெளிப்படும். எளிய யுக்திதான், ஆனால் என்ன அழகான யுக்தி! இன்று என் தம்பி மகன் கடையில் பார்க்கும் வில்லையின் நடுவிலும் ஒரு துளை இருக்கிறது. அது ராட்மன் கட்டியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

நாம் வாழும் இந்த மைசூர்ச் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகள் இரும்புக் குழலில் மருந்தை இறுக்கி அடைத்தவை. 2018-ல் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா கோட்டைக்கு அருகே ஒரு பாழ்கிணற்றைத் தூர் எடுத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் துருப்பிடித்த நிலையில் வெளிவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ராக்கெட்டில் மருந்தை ஏன் இறுக்க வேண்டும்? உதிரியாகப் போட்டால் தீ மணிகளின் இடைவெளி வழியே ஒரே சமயத்தில் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். ராக்கெட் பறக்காது, இருந்த இடத்திலேயே வெடிக்கும். இறுக்கிய மருந்து ஒரு முனையிலிருந்து வரிசையாக எரிந்து உந்தித் தள்ளும். துப்பாக்கியிலோ உடனடியான உதை வேண்டும். அங்கே தீ மணிகளுக்கிடையே ஓடத்தான் வேண்டும்.

தோட்டா வந்த கதை

உதிரி மருந்தில் உள்ள முதல் தொல்லை அளவு. ஒவ்வொரு முறையும் கையால் அளந்து ஊற்ற வேண்டும். பயந்த கை கூடுதலாக ஊற்றும், அவசரக் கை சிந்தும். இதற்காகப் பட்டாளத்தில் ஒரு குண்டுக்கு வேண்டிய மருந்தைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் இட்டுக் கோலால் கெட்டிப்பார். அதைத்தான் தோட்டா என்றார்கள். என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த அந்தத் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் 1857-ல் வட இந்தியாவையே கொதிக்க வைத்தது என்பது யாவரும் படித்ததே. காகிதத் தோட்டா உதிரிக்கும் வில்லைக்கும் நடுவில் நிற்பது. மருந்து உதிரிதான்; அளவு மட்டும் தொழிற்சாலையில் தீர்மானமாகிவிட்டது.

அளவு தீர்ந்தால் ஆபத்து தீர்ந்ததா? தம்பி மகன் இருக்கும் அதே பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. 1863 ஜூலையில் அங்கே நடந்த போருக்குப் பிறகு களத்தில் கிடந்த 27,000-க்கும் அதிகமான துப்பாக்கிகளைச் சேகரித்தார்கள். அவற்றில் சுமார் 24,000 மருந்து கெட்டித்தபடியே கிடந்தன. அதிலும் ஏறத்தாழ பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்திருந்தது. அதற்கும் மேலாகக் கெட்டித்தவையும் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாம் அளந்து கொடுத்த தோட்டாக்கள்தாம். இரைச்சலிலும் பீதியிலும் தன் துப்பாக்கி சுட்டதா இல்லையா என்பதே சிப்பாய்க்குத் தெரியவில்லை. ஆகவே தம்பி மகனுக்கு நான் முதலில் சொன்னது உதிரியைப் பற்றியும் அல்ல, வில்லையைப் பற்றியும் அல்ல. கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்: ஒன்று குழல் காலியாக இருக்கும்போது கோல் எவ்வளவு இறங்கும் என்பதற்கு, மற்றொன்று ஒரே ஒரு முறை மருந்தும் குண்டும் இட்டபின் எவ்வளவு இறங்கும் என்பதற்கு. எந்த மருந்தானாலும் கோடு பொய் சொல்லாது என்றேன்.

கடையில் விற்பது என்ன?

இப்போது அமெரிக்கக் கடைக்கு வருவோம். அங்கே உதிரி என்று விற்பதிலும் இரண்டு வகை. அசல் கருமருந்து ஒன்று. அதற்கு மாற்றாகச் செய்த மருந்து மற்றொன்று. கருமருந்து சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். அதனால் அதைச் சேமிக்கவும் அனுப்பவும் கெடுபிடி அதிகம், எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. 1976-ல் பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்து வந்தது. அது பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும் என்பதால் கடைக்காரருக்கு வசதி. ஆனாலும் மருந்து மருந்துதானே. அதைக் கண்டுபிடித்த டான் பாலக் 1977 ஜனவரியில் தம் ஆலையில் நேர்ந்த விபத்திலேயே உயிரிழந்தார். இத்தகைய மாற்று மருந்தை அழுத்தி வில்லையாக்கியது 1990-களில்.

துப்பாக்கியும் ஒரே வகை அல்ல. பழையது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் எஃகில் உரசிப் பொறி விழுந்து, வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் உள்ள மருந்து எரிந்து, பக்கத்துத் துளை வழியே உள்ளே தீ போக வேண்டும். அடுத்தது கேப்பு வகை. தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் கேப்பைப்போல, தட்டினால் தீப்பொறி கக்கும் சிறு செப்புத் தொப்பி. மூன்றாவது, 1985-ல் டோனி நைட் என்பவர் செய்து பரப்பிய புது அமைப்பு. அதில் தீ குழலின் நேர் பின்னாலிருந்து பலமாக வருகிறது.

வில்லைக்கு ஏற்றது இந்த மூன்றாவதுதான். அழுத்திய மருந்தைப் பற்றவைக்கப் பலமான தீ வேண்டும். அதற்கு உதவியாக, பைரோடெக்ஸ் வில்லையின் ஒரு முனையில் அசல் கருமருந்தை மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். அந்தக் கறுத்த முனை கீழே, தீ வரும் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சில சமயம் தாமதித்து வெடிக்கும், சில சமயம் வெடிக்கவே வெடிக்காது. சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பக்கத்துத் தீ வில்லைக்குப் போதாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைப் பருவம் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது என்று பையன் சொன்னதும், "அப்படியானால் கேள்வியே இல்லையடா, அதற்கு உதிரிக் கருமருந்துதான். கடைக்காரர் வேறு என்ன சொன்னாலும் வாங்காதே" என்றேன். அக்டோபரில் வரும் வேறொரு பருவத்தில் புது அமைப்புத் துப்பாக்கியும் அனுமதியாம். அப்போதுதான் உதிரியா வில்லையா என்ற தேர்வே வருகிறது.

அந்தத் தேர்வில் நான் கண்ட வேறுபாடுகளைச் சொல்கிறேன். மருந்தை அங்கே கிரெயின் கணக்கில் அளக்கிறார்கள். நம் தங்க ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், ஆசாரி நிறுக்கும் ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். நூறு கிரெயின் என்பது ஆறரை கிராம், ஒரு சவரனுக்கும் குறைவு. உதிரியானால் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏற்றி இறக்கித் தன் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே ஆலையில் செய்த இரண்டு எஞ்சின்கள் ஒரேமாதிரி இழுக்காததுபோல. வில்லை பெரும்பாலும் ஐம்பது கிரெயின் அளவில் வருகிறது. ஒன்று போட்டால் ஐம்பது, இரண்டு போட்டால் நூறு. எழுபது வேண்டுமென்று பாதி வில்லையை உடைத்துப் போடுவது கூடவே கூடாது. உடைந்த வில்லைக்குப் பரப்பு வேறு, வேகமும் வேறு. உதிர்ந்து மூலை மழுங்கிய வில்லைக்கும் இதுவே பொருந்தும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஐம்பது கிரெயின் வில்லையைத் தராசில் வைத்தால் ஐம்பது கிரெயின் நிற்காது, குறைவாகவே நிற்கும். ஏனெனில் அது எடைக் கணக்கு அல்ல; ஐம்பது கிரெயின் கருமருந்து அடைக்கும் இடத்துக்கு ஈடான கணக்கு. மாற்று மருந்தை உதிரியாக வாங்கினாலும் படியால் முகப்பதுபோல அளவுக் குவளையால் முகக்க வேண்டும், தராசில் நிறுக்கக் கூடாது. நிறுத்து நூறு கிரெயின் போட்டால் உண்மையில் மருந்து அதிகமாகிவிடும். படிக்கும் மரக்காலுக்கும் பழகிய நம் பாட்டிமார் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

வில்லையின் வசதியையும் மறுப்பதற்கில்லை. குளிரில் விறைத்த விரலால், காற்றிலும் பனியிலும், உதிரி மருந்தைச் சிந்தாமல் ஊற்றுவது கடினம். வில்லையைப் போட்டால் முடிந்தது. ரயில்வேயில் எங்கள் கேங்மேன்கள் கையில் கொடுக்கும் ஃபாக் சிக்னல் வெடியும் இதே காரணத்தால்தான் தகரத்தில் அடைத்து மூடியிருக்கும். மழையிலும் மூடுபனியிலும் தண்டவாளத்தில் பொருத்தி எஞ்சினை நிறுத்த வேண்டிய மனிதனிடம் மருந்தை அளந்து போடு என்று சொல்ல முடியாது. வில்லையின் விலை அதிகம் என்பது உண்மைதான். வருஷத்துக்கு நான்கு முறை சுடுகிறவனுக்கு அது ஒரு பொருட்டல்ல.

எதுவானாலும் சில விதிகள் பொது. மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றவே கூடாது. முன்பு சுட்ட கங்கு குழலின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் தீ ஊற்றுகிற மருந்து வழியே மேலேறிக் குடுவைக்கே வந்துவிடும். கையில் இருப்பது குடுவை அல்ல, குண்டு. தனி அளவுக் குவளையில் முகந்து, குடுவையை மூடி ஒதுக்கி வைத்த பிறகே குழலில் ஊற்ற வேண்டும். குண்டு மருந்தின்மேல் படிந்து உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் உப்பவோ பிளக்கவோ கூடும். வில்லையை நசுக்காமல் படிய வைத்தால் போதும். உதிரியை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் கெட்டிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இக்காலத் துப்பாக்கித் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைப் பழைய வகைத் துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அதன் அழுத்தமே வேறு. குழல் வெடித்து விரல்களையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. துப்பாக்கி செய்தவர் தரும் கையேட்டில் உள்ள மருந்தும் அளவும் மட்டுமே என்று பையனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பாறையில் போட்ட துளை

இனி நம் ஊருக்கு வருகிறேன். பாறையில் துளைபோட்டு, வாய்வழியே மருந்து செலுத்தி, மேலே மண் வைத்துக் கெட்டித்து, தீ கொடுக்கிறோமே, அது கட்டை இல்லாத ஒரு துப்பாக்கிக் குழல்தான். குண்டு போகும் பக்கம் மட்டும் அடைபட்டிருப்பதால் பக்கச் சுவர் பிளக்கிறது. ஆகவே உதிரியா கட்டியா என்ற கேள்வி பாறைத் துளையிலும் அப்படியே வருகிறது.

பழங்காலச் சுரங்கங்களிலும் கிணறு வெட்டும் வேலையிலும் உதிரிக் கருமருந்தைத்தான் துளையில் கொட்டினார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் கருமருந்தை அழுத்தி, நடுவில் திரிக்குத் துளையிட்ட வில்லைகளாகவும் பயன்படுத்தினார்கள். கருமருந்து பாறையைத் தள்ளும், நொறுக்காது. தூணுக்கும் படிக்கும் சேதமில்லாத கல் வேண்டும் கிரானைட் குவாரிக்காரர்கள் அதை இன்றும் விரும்புவது இதனால்தான். தங்கவயல் பாறையோ வேறு. தங்கம் ஓடுவது வெண்பளிங்குக் கல்லில். அது கறுத்த கடும்பாறைக்குள் செங்குத்தாக இறங்குகிறது. அதைத் தள்ளிப் பயனில்லை, நொறுக்க வேண்டும். இங்கே ஜான் டெய்லர் கம்பெனி ஆழமாகத் தோண்டத் தொடங்கிய 1880-களுக்குள் ஆல்ஃபிரட் நோபலின் டைனமைட் வந்திருந்தது. அதற்கு அவர் உரிமம் பெற்றது 1867-ல். கருமருந்து எரிகிறது, டைனமைட் அதிர்ந்து சிதறுகிறது, நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் வேகத்தில். நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெயை உறிஞ்சும் மண்ணில் ஊறவைத்து, காகிதத்தில் சுற்றிக் குச்சியாக்கினார் நோபல். பின்னர் வந்த ஜெலட்டின் குச்சி தண்ணீருக்கும் அஞ்சாதது. சிப்பாயின் காகிதத் தோட்டாவின் பெயர் இந்தக் குச்சிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "துளைக்கு எத்தனை தோட்டா?" என்பதுதான் கீழே பேச்சு.

ஜெலட்டினுக்கு ஒரு குணம் உண்டு. கையில் எடுத்தால் தோல் வழியே உடம்பில் ஏறும். இரத்தக் குழாய்களை விரிக்கும். மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, சுவரோரம் சாய்ந்து, வெளிச்சம் வேண்டாமென்று கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவார். அம்மா தைலம் தேய்ப்பார். தொடர்ந்து தொட்டால் உடம்பு பழகிவிடும். லீவு போட்டுவிட்டுத் திரும்பப் போகும் முதல் நாள்தான் அதிகம் படுத்தும். உலகமெங்கும் மருந்து ஆலைத் தொழிலாளர்களுக்கு இப்படித் திங்கட்கிழமைத் தலைவலி இருந்திருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையில் இருப்பதும் அதே நைட்ரோகிளிசரின்தான். மருந்து என்ற சொல் ஒன்றாக இருப்பது வெறும் தற்செயல் அல்ல போலும்.

குச்சியில் உள்ள குறை, துளைக்கும் அதற்கும் நடுவில் காற்று இடைவெளி விழுவது. துப்பாக்கியில் குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி ஆகாது என்றேனே, பாறையிலும் இடைவெளி பலத்தை விழுங்கும். அதனால் குச்சியைத் துளையில் தள்ளி மரக்கோலால் மெல்ல அழுத்திப் படிய வைப்பார்கள். மரக்கோல்தான், இரும்பு பட்டால் பொறி. அழுத்தம் குறைந்தால் கல் சரியாகப் பெயராது, அதிகமானால் உயிருக்கே ஆபத்து. அந்த அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை, கையில்தான் இருந்தது. சில குச்சிகள் வெடிக்காமல் துளையின் அடியிலேயே தங்கிவிடும். அடுத்த ஷிஃப்ட்காரர் அது தெரியாமல் அங்கேயே டிரில்லை வைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பழைய துளையின் மிச்சத்தில் மறுபடி துளை போடாதே என்பது எல்லாச் சுரங்கத்திலும் முதல் விதி. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இடத்தில், வியர்வை வழியும் கண்ணோடு அந்த மிச்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

1950-களில் உலகச் சுரங்கங்களில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. உரமணி போன்ற அம்மோனியம் நைட்ரேட்டில் எண்ணெய் கலந்த மருந்து வந்தது. மறுபடியும் உதிரி! மலிவு, தலைவலி இல்லை, துளை முழுவதையும் இடைவெளியின்றி நிரப்பும். ஆனால் தண்ணீர் பட்டால் வீண். காற்றழுத்தத்தால் குழாய் வழியே செலுத்தும்போது நிலைமின்சாரம் சேராமல் பார்க்க வேண்டும். சக்லேஷ்பூர்–சுப்ரமண்யா மலைப்பாதையை அகலப்பாதையாக்கிய நாட்களில் நான் சில காலம் அங்கே இருந்தேன். அங்கே மழைக்காலம் தொடங்கினால் துளைகளில் நீர் நிற்கும். வெடி வைக்கும் மேஸ்திரி சேலம் பக்கத்துக்காரர், படிப்பு அதிகம் இல்லை. ஒரு நீளக் குச்சியைத் துளையில் விட்டு எடுத்து, நுனி ஈரமா என்று தொட்டுப் பார்ப்பார். ஈரமானால் தோட்டா, உலர்ந்தால் உதிரி என்று துளைக்குத் துளை பிரித்துச் சொல்வார். என் டிப்ளமாப் படிப்பில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

இன்னும் ஒன்று, கேட்கக் கசப்பானாலும் சொல்ல வேண்டும். சபரிமலைக்கு நம் ஊரிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் போகிறோம். அங்கே வெடி வழிபாடு செய்யாதவர் குறைவு. அந்தக் கதினா வெடி, இரும்புக் குவளையில் உதிரிக் கருமருந்தைக் கையால் கெட்டிப்பது. 2023 ஜனவரி 2-ஆம் தேதி மாளிகைப்புறம் அருகே மருந்து நிரப்பும்போது தீப்பிடித்துத் தொழிலாளர்கள் மூவர் தீக்காயமடைந்தார்கள். அவர்கள் நாள் முழுவதும் நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவர்கள். என் கருத்தைக் கேட்டால், வருஷத்துக்கு நான்கு முறை பொழுதுபோக்காகச் சுடுகிறவனுக்கு உதிரி நல்லது. அவன் நின்று நிதானித்து அளக்கலாம். நாளைக்கு நூறு முறை பிழைப்புக்காகக் கெட்டிக்கிறவன் கையில் மருந்து அளந்து, மூடி, சீல் வைத்துத்தான் வர வேண்டும். கடைகளில் இப்போது நடப்பது நேர்மாறு. வசதியான வில்லை பொழுதுபோக்குக்காரனுக்கும், சிந்தும் உதிரி கூலிக்காரனுக்கும் போய்ச் சேருகிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு வேட்டையில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பழைய வகைத் துப்பாக்கி வைத்திருக்கவும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். குடகு மக்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அதை மத்திய அரசு 2019-ல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. பங்காருப்பேட்டை வட்டத்தின் எல்லைக் கிராமங்களில் யானை இறங்கும்போது யாரும் வீட்டில் மருந்து கலந்து கெட்டித்துப் பார்க்க வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தம்பி மகன் கடைசியில் சிக்கிமுக்கித் துப்பாக்கியும் ஒரு பவுண்டு உதிரிக் கருமருந்தும் வாங்கினான். அவனுக்கு நான் சொன்ன இறுதி விஷயம் கழுவுவதைப் பற்றி. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும்; அதில் ஒரு பகுதி புகையோடு வெளியே போக, மற்றது உப்புக் கரியாகக் குழலில் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் இரும்பைத் தின்னும். பைரோடெக்ஸ் வில்லையிலும் இதே கதைதான். கல்லை எடுத்து, குழல் காலி என்பதைக் கோலின் கோட்டால் பார்த்துவிட்டு, சோப்பும் வெந்நீரும் விட்டுத் துணி வெள்ளையாக வரும்வரை தேய்த்து, சூடு ஆறுவதற்குள் துடைத்து எண்ணெய் போட வேண்டும். வீட்டுக்கு வந்து களைப்பாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சாய்த்து வைக்கக் கூடாது. அன்றிரவே செய்ய வேண்டும். மிச்ச மருந்து அது வந்த டப்பாவிலேயே, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில், பூட்டுக்குள் இருக்கட்டும்.